நிலம் ஊருக்கு, வீடு குடும்பத்துக்கு

(பெங்களூரில் பொருளியல் மாணவர்களும் நகர நிர்வாக அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுவசதியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக ஒரு கேள்வியையே கேட்டுக்கொள்கிறோம். எளியவர்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் ஆண்டுக்கு எத்தனை வீடுகள் கட்ட முடியும் என்பதே அக்கேள்வி. அது தேவையான கேள்விதான். ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இன்று மலிவான விலையில் நாம் வழங்கும் வீடு, இருபது ஆண்டுகள் கழித்து அதே வருவாய்ப் பிரிவைச் சேர்ந்த வேறொரு குடும்பம் வாங்க வரும்போதும் மலிவாக இருக்குமா? மானியம் முதல் குடும்பத்தோடு முடிந்துவிடுகிறதா, அல்லது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறதா?

இந்த இரண்டாவது கேள்விக்கு உலகின் சில பகுதிகளில் கிடைத்துள்ள விடைக்குச் சமுதாய நில அறக்கட்டளை என்று பெயர். நிலத்தின் உரிமை ஒரு பொது அமைப்பிடம் நிரந்தரமாக இருக்கும். அதன் மேலுள்ள வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமாகும். இத்திட்டத்தைப் பற்றிப் பேசப் பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை என்பது என் கருத்து. ஏனெனில் இச்சிந்தனையின் வேர்களில் ஒன்று இதே மாநிலத்து மண்ணிலும் ஊன்றியிருக்கிறது. இது இல்லாமையால் விளையும் இழப்பையும் இந்நகரம் நன்கு அறியும்.

நூறாண்டு அனுபவம்

1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது பெங்களூரின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2011இல் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் அது 84 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு வேகமாக வளர்ந்த நகரம், வீட்டுவசதியில் முன்னோடியாகவும் இருந்திருக்கிறது. 1898இல் பிளேக் நோய் பரவியதை ஒட்டி மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய திட்டமிட்ட குடியிருப்புகள் உருவாயின. நம் நாட்டின் கூட்டுறவு வீட்டுவசதி இயக்கமும் 1909இல் இங்கே அமைந்த பெங்களூர் கட்டிடக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே தொடங்கியது எனக் கூட்டுறவு வரலாறு கூறுகிறது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பம்பாயில் காம்தேவிப் பகுதியில் 1915இல் அமைந்த சாரசுவத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், நிலத்தையும் கட்டிடத்தையும் சங்கத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டது. உறுப்பினர்கள் சங்கத்தில் பங்கும், வீட்டில் குடியிருக்கும் உரிமையும் பெற்றார்கள். பெங்களூரில் பிற்காலத்தில் பெருகியவையோ வேறு வகையைச் சேர்ந்தவை. சங்கம் நிலத்தை வாங்கும், மனைகளாகப் பிரிக்கும், உறுப்பினர்களுக்குக் கிரயம் செய்து கொடுக்கும். கடைசிக் கிரயப் பத்திரம் பதிவானதும், கட்டிக் காப்பதற்குச் சங்கத்திடம் நிலம் எதுவும் மிஞ்சாது.

அரசு அமைப்புகள் சென்ற வழியும் ஏறத்தாழ இதுவே. 1945இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் அதன் இடத்தைப் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் பெற்றது. ஆணையத்தின் 1984ஆம் ஆண்டு மனை ஒதுக்கீட்டு விதிகளின்படி, மனை முதலில் பத்தாண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்படும். நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் கிரயம் செய்து தரப்படும். மனையை உடனே விற்று இலாபம் ஈட்டுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பத்தாண்டு என்பது ஒரு நகரத்தின் வாழ்வில் எம்மாத்திரம்? பதினோராவது ஆண்டில் அந்த மனை, சந்தையிலுள்ள மற்ற மனைகளுள் ஒன்றாகிவிடுகிறது. பொதுப்பணத்தில் கையகப்படுத்தி, சாலையும் வடிகாலும் அமைத்து, சந்தைக்குக் குறைந்த விலையில் கொடுத்த நிலத்தின் மலிவுத் தன்மை அந்நாளோடு மறைந்துவிடுகிறது.

கூட்டுறவின் பெயரால் நடந்த சில செயல்கள் இதைவிட வருந்தத்தக்கவை. ஊழியர் சங்கம் ஒன்றுக்காக இடைத்தரகர் வழியாக நடந்த நிலக் கையகப்படுத்தலை 1995இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பொது நோக்கம் என்ற சொல்லைத் தனியார் ஆதாயத்துக்குப் போர்வையாக்க முடியாது என்பதே அத்தீர்ப்பு நமக்குத் தரும் பாடம்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்வது நேர்மையாகும். நான் குடியிருக்கும் வீடு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஊழியர் சங்கம் ஒன்றின் வாயிலாகக் கிடைத்த மனையில் கட்டியது. அன்று நான் செலுத்திய விலைக்கும் இன்று அம்மனைக்குச் சந்தை கூறும் விலைக்கும் இடையே உள்ள தொலைவு, என் பணிக்காலம் முழுவதும் நான் சேமித்த தொகையைவிடப் பெரிது. அந்த ஏற்றத்துக்காக நான் ஒரு கூடை மண்கூடச் சுமந்ததில்லை. என் வீட்டில் சமையல் வேலை செய்யும் அம்மையார் நகரின் எல்லைக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார். இவ்விரண்டு செய்திகளும் தனித்தனியானவை அல்ல என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

விலை எங்கிருந்து ஏறுகிறது?

வீட்டின் விலையில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று கட்டிடத்தின் விலை. மற்றொன்று நிலத்தின் விலை. கட்டிடச் செலவைக் குறைக்கும் அறிவு நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. இந்நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமைந்த 'அஸ்த்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு, சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் மண் கற்களைக் கொண்டு, சூளையும் விறகும் இன்றி வீடு கட்டும் முறையை வளர்த்தது. செலவையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் அம்முறையில் கட்டிய வீடுகள் பெங்களூரில் பல உண்டு. ஆனால் சுவரில் மிச்சப்படுத்திய பணத்தை மனையின் விலை விழுங்கிவிடுகிறது. கட்டிடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அது நிற்கும் நிலமோ மதிப்பில் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த ஏற்றத்தை உண்டாக்குவது யார்? ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் கொண்டுவரும் திட்டத்தின் முதல் கட்டம் 1974இல் நிறைவேறியது. 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. குழாய் வந்த தெருவிலும் இரயில் நிலையம் வந்த வட்டாரத்திலும் மனை விலை ஏறியது. அதற்கான செலவு பொதுமக்களுடையது. ஆதாயமோ அங்கே ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவருடையது. ஜான் ஸ்டூவர்ட் மில் இதனை உழைப்பின்றி வரும் மிகுதி என்றார். ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலின் மையக் கருத்தும் இதுவே. சமுதாயம் உண்டாக்கிய மதிப்பு சமுதாயத்துக்கே சேர வேண்டும் என்றார் அவர். வரியின் வாயிலாக அதனைத் திரும்பப் பெறலாம் என்பது ஜார்ஜ் கண்ட வழி. நிலத்தையே பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்பது நில அறக்கட்டளை காணும் வழி.

நிலத்தின் மீது குடியிருப்போருக்கு உறுதியான உரிமை இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இந்நகரின் ஈஜிபுரா ஒரு சான்று. கோரமங்கலாவை ஒட்டிய அப்பகுதியில், 1990களின் தொடக்கத்தில், நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே சில கட்டிடங்கள் இடிந்து விழுந்தன, மற்றவையும் அகற்றப்பட்டன. குடும்பங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தன. இதற்கிடையே சுற்றுப்புறம் நகரின் விலையுயர்ந்த வட்டாரங்களுள் ஒன்றாகிவிட்டது. நிலத்தின் பெரும் பகுதியில் வணிக வளாகமும் எஞ்சியதில் வீடுகளும் எழுப்பத் தனியாருடன் கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2013 ஜனவரியில் கொட்டகைகள் அப்புறப்படுத்தப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கட்டிடம் விழுந்தது பொறியியல் குறை. குடும்பங்கள் அவ்விடத்தை இழந்ததற்குக் காரணம் நில உரிமையின் குறை. நிலம் அவர்களையும் உள்ளடக்கிய ஓர் அமைப்பிடம் இருந்திருந்தால், அவர்கள் இசைவின்றி அதனை வேறு பயனுக்கு மாற்றியிருக்க முடியாது.

கிராமதானத்திலிருந்து நகரத்துக்கு

1951 ஏப்ரல் 18ஆம் நாள் தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில், நிலமற்ற அரிசன மக்கள் வினோபா அடிகளிடம் எண்பது ஏக்கர் நிலம் வேண்டும் என்றனர். இராமச்சந்திர ரெட்டியார் நூறு ஏக்கர் தருவதாக முன்வந்தார். பூதானம் அவ்வாறு பிறந்தது. அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் தன் நிலம் முழுவதையும் பொதுவுக்கு அளித்தது. அது முதல் கிராமதானம். நிலத்தின் உரிமை கிராம சபைக்கு; உழும் உரிமை குடும்பத்துக்கு; ஊருக்கு வெளியே விற்க எவருக்கும் உரிமை இல்லை என்பதே கிராமதானத்தின் சாரம். 1957 செப்டம்பரில், மைசூரை அடுத்த யெல்வாலில் கூடிய தலைவர்கள் மாநாடு இதனை வரவேற்றது. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத், பிரதமர் நேரு ஆகியோரும் பல்வேறு கட்சித் தலைவர்களும் அதில் கலந்துகொண்டனர். இம்மாநிலத்து மண்ணில் வேர் ஊன்றியது என்று நான் குறிப்பிட்டது இதனையே.

இச்சிந்தனை கடல் கடந்து சென்றது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் ஆகியோரும், காந்தியச் சிந்தனையில் தோய்ந்த இராபர்ட் ஸ்வானும், வாக்குரிமைக்காக நின்றதனால் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட உழவர்களுக்கு நிலையான இடம் தேட முற்பட்டனர். கிராமதானமும், இஸ்ரேலின் நீண்டகாலக் குத்தகை முறையும் அவர்களுக்கு வழிகாட்டின. 1969இல் ஜார்ஜியா மாநிலத்தின் லீ மாவட்டத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் முதல் சமுதாய நில அறக்கட்டளை, ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் உருவாயிற்று.

அதன் பிற்காலக் கதையையும் மறைக்கலாகாது. வறட்சியும் கடன் சுமையும், அரசுக் கடன் வழங்கலில் காட்டப்பட்ட இனப் பாகுபாடும் சேர்ந்து 1985இல் அந்நிலம் பறிபோயிற்று. பாகுபாடு நடந்தது பின்னர் நிலைநாட்டப்பட்டு, 2009இல் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆயினும் முதல் நிலம் திரும்பவில்லை. பொது நிலத்தைக் கடனுக்கு ஈடாக வைக்கலாகாது என்ற விதியை அடுத்து வந்தவர்கள் அந்த அனுபவத்திலிருந்தே கற்றார்கள்.

இயங்கும் முறை

அறக்கட்டளை நிலத்தைப் பெறுகிறது. அது அரசு நிலமாகவோ, நன்கொடையாகவோ, விலைக்கு வாங்கியதாகவோ இருக்கலாம். வீட்டைக் குடும்பம் வாங்குகிறது. வீட்டுக்கு அடியிலுள்ள நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையில் பெறுகிறது. குத்தகை, வாரிசுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு ஒரு சிறு தொகை நில வாடகையாகச் செலுத்தப்படும். குடும்பம் வீட்டை விட்டுச் செல்ல விரும்பினால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு கணக்கின்படி விலை தீர்மானிக்கப்படும். வாங்கும் முதல் உரிமை அறக்கட்டளைக்கு உண்டு. நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்போர், ஒரு பங்கு சுற்றுப்புற மக்கள், ஒரு பங்கு பொதுநலப் பிரதிநிதிகள் என்பது பரவலான மரபு.

வெறும் கிரயப் பத்திரத்தில் மறுவிற்பனைக் கட்டுப்பாட்டை எழுதினால் போதாதா என்று கேட்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு விடை தருகிறது. உரிமையை முழுமையாக மாற்றியபின், அதனை விற்கவே கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் குத்தகையில், குத்தகை கொடுப்பவரின் நலனுக்காக விதிக்கும் நிபந்தனைக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே நிலத்தைக் குத்தகையாகக் கொடுப்பது சட்டத்தின் தேவை. மனித குலத்துக்கு நன்மை தரும் பொது நோக்கத்துக்கான சொத்து மாற்றங்களுக்கு, நிரந்தரத் தடை பற்றிய விதியிலிருந்து 18ஆம் பிரிவு விலக்கு அளிப்பதும் இங்கே கருதத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. நிலத்தின் மதிப்பு 30 லட்சம். வீட்டின் விலை 12 லட்சம். மொத்தம் 42 லட்சம். அரசு நிலத்தை இலவசமாகக் கொடுத்து, குடும்பம் 12 லட்சம் செலுத்துகிறது. பத்தாண்டில் மொத்த மதிப்பு 92 லட்சமாகிறது. நிலமும் குடும்பத்துக்கே சொந்தமாக இருந்தால், விற்பவர் 92 லட்சம் பெறுவார். அடுத்து வரும் எளிய குடும்பம் அதனை நெருங்கவே முடியாது. அரசு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறக்கட்டளை முறையில், ஏறிய 50 லட்சத்தில் கால் பங்கான பன்னிரண்டரை லட்சம் விற்பவருக்குச் சேரும். அவர் இருபத்து நான்கரை லட்சம் பெற்று வெளியேறுவார். போட்ட பணம் இருமடங்காகிறது. கூலியும் சம்பளமும் ஆண்டுக்கு 7 சதவிகிதம் உயர்ந்தால் பத்தாண்டில் அவையும் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே இரண்டாவது குடும்பத்துக்கும் அந்த வீடு கட்டுபடியாகும். அரசு ஒருமுறை அளித்த நிலம், பத்துக் குடும்பங்கள் மாறினாலும் மீண்டும் மீண்டும் பயன்படுகிறது.

பிற நாடுகளின் படிப்பினை

அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில், நகராட்சியின் ஆதரவோடு 1984இல் தொடங்கிய அறக்கட்டளை, இன்று 'சாம்ப்லைன் வீட்டுவசதி அறக்கட்டளை' என்ற பெயரில் இயங்குகிறது. விற்பவருக்கு மதிப்பேற்றத்தில் கால் பங்கு என்பது அங்கே நடைமுறையிலுள்ள விதியாகும். 2008இல் அதற்கு உலக வாழிட விருது கிடைத்தது. அவ்வாண்டை ஒட்டி அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி ஏற்பட்டு இலட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, நில அறக்கட்டளை வீடுகள் கடனில் மூழ்கிய விகிதம், பொதுச் சந்தையின் விகிதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவே 2010 இறுதியில் இருந்தது. கடன் வாங்கும் முன் ஆலோசனையும், தவணை தவறும் வேளையில் தோள்கொடுக்க ஓர் அமைப்பும் இருந்ததே இதற்குக் காரணம்.

போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில், மார்ட்டின் பெஞ்ஞா கால்வாயின் கரையோரக் குடிசைப் பகுதி மக்களின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கால்வாயைத் தூர்வாரினால் சுற்றுப்புறம் சீராகும். சீரானால் நிலத்தின் விலை ஏறும். ஏறினால் தாங்களே வெளியேற நேரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்தார்கள். 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின் துணையோடு, ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தை அறக்கட்டளையின் பொறுப்பில் கொண்டுவந்தார்கள். நம் ஏரிகளையும் இராஜகால்வாய்களையும் சீரமைக்கும் பொறியாளர்கள் இதனை ஆழ்ந்து பயில வேண்டும்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு நிலத்தில் 99 ஆண்டுக் குத்தகை வீடுகளைக் கட்டி, மக்களில் பெரும்பாலோருக்கு வீடு தந்தது. ஈடற்ற சாதனை அது. ஆனால் குறைந்தபட்சக் காலம் குடியிருந்தபின் சந்தை விலைக்கு விற்க அனுமதித்ததால், மறுவிற்பனை வீடுகளுள் சில 10 லட்சம் வெள்ளியைத் தாண்டின. எனவே 2021இல் நகரின் மையப் பகுதியில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு, விற்கும்போது மானியத்தின் ஒரு பங்கைத் திரும்பப் பெறும் விதி கொண்டுவரப்பட்டது. குத்தகை மட்டும் விலையைக் கட்டுப்படுத்தாது. மறுவிற்பனை விதியும் வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

நம் நாட்டிலேயே ஒடிசா அரசு 2017இல் இயற்றிய சட்டம், நகரக் குடிசைவாசிகளுக்கு அளிக்கும் நில உரிமை வாரிசுக்குச் செல்லும், அடமானம் வைக்கலாம், ஆனால் விற்க இயலாது என வகுத்துள்ளது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா கிராமம், 1964ஆம் ஆண்டின் கிராமதானச் சட்டத்தைப் பயன்படுத்தி 2013இல் கிராமதான ஊராயிற்று. ஆகவே இவ்வழி நமக்கு அந்நியமானதன்று. நகரத்துக்கு இதனைக் கொண்டுவரும் பணியே எஞ்சியிருக்கிறது.

ஐயங்களும் விடைகளும்

முதல் ஐயம், வங்கி கடன் கொடுக்குமா என்பது. வீட்டையும் குத்தகை உரிமையையும் ஈடாகப் பெறலாம். தவணை தவறினால், வீட்டை ஏற்கும் முதல் வாய்ப்பை அறக்கட்டளைக்கு அளிக்க வேண்டும். நிலம் மட்டும் எந்நிலையிலும் ஈடாகலாகாது. வங்கிகளுக்கான மாதிரிக் குத்தகைப் பத்திரம் ஒன்றை அரசு வகுத்துக் கொடுத்தால், இத்தடை பெரிதும் நீங்கும்.

இரண்டாவது ஐயம், நிர்வாகத்தைப் பற்றியது. பூதானத்தில் நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டும், கணிசமான பகுதி பகிர்ந்தளிக்கப்படவில்லை. ஆவணங்கள் பேணப்படாமையால் ஆக்கிரமிப்புகளும் நேர்ந்தன. 2022இல் அசாம் மாநிலம் தன் பூதான, கிராமதானச் சட்டங்களை நீக்கவே முற்பட்டது. தானம் பெறுவது ஒரு நாள் வேலை. பேணுவது நெடுநாள் வேலை. ஆகவே ஊதியம் பெறும் அலுவலர், ஆண்டுத் தணிக்கை, யாவரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஆகிய மூன்றும் இன்றி எந்த அறக்கட்டளையையும் தொடங்கலாகாது என்பேன்.

மூன்றாவது ஐயம் அறம் சார்ந்தது. என்னை மிகவும் வருத்துவதும் அதுவே. என்னைப் போன்றவர்கள் நிலத்தின் ஏற்றம் முழுவதையும் அடைந்துவிட்டோம். எளியவனிடம் மட்டும், உனக்குக் கால் பங்கு போதும் என்று கூற நமக்கு என்ன உரிமை? இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. வாடகை உயர்வுக்கும் வெளியேற்றத்துக்கும் அஞ்சி வாழ்பவர்க்கு, அசைக்க முடியாத குடியிருப்பும் அளவான ஆதாயமும் பெரும் முன்னேற்றம் என்பது விடையின் ஒரு பகுதி. அவர் விட்டுக்கொடுக்கும் பங்கு அவரைப் போன்ற அடுத்த குடும்பத்துக்கே சேர்கிறது என்பது மற்றொரு பகுதி. இவை மட்டும் போதுமானவை என்று நான் கூறமாட்டேன். பொதுப்பணத்தின் துணையோடு கிடைக்கும் எல்லா மனைகளுக்கும், அரசு ஊழியர் குடியிருப்புகள் உட்பட, இதே விதி பொருந்தினால்தான் அது நீதியாகும். வளைந்து கொடுப்பதை எளியவரிடமிருந்து மட்டும் எதிர்பார்க்கும் திட்டம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

எங்கே தொடங்கலாம்?

2012ஆம் ஆண்டுக்கான வல்லுநர் குழுவின் மதிப்பீட்டின்படி, நாட்டின் நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம். அதில் 95 சதவிகிதத்துக்கும் மேற்பட்டது நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நகரங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. இவ்விரண்டு எண்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், பற்றாக்குறை செங்கல்லில் மட்டும் இல்லை என்பது புலனாகும். 2015இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் 1 கோடியே 18 லட்சம் வீடுகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. அத்தகைய பெருமுயற்சியின் பயன் ஒரு தலைமுறையோடு கரைந்துவிடாமல் காப்பதே அடுத்த கட்டப் பணியாகும்.

பெங்களூரில் மூன்று இடங்களில் தொடங்கலாம் என்று கருதுகிறேன். முதலாவது, 1973ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டு, அரசு நிலத்தில் அமைந்துள்ள பகுதிகள். அங்கே தனித்தனி ஹக்குப் பத்திரம் ஒரு வழி. மக்கள் விரும்பினால், பகுதி முழுவதற்கும் ஒரே அறக்கட்டளை மற்றொரு வழி. எதைத் தேர்வது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, இனி அமையும் மனைப்பிரிவுகளில் நலிந்த பிரிவினருக்கென ஒதுக்கும் இடங்கள். அவற்றைப் பத்தாண்டுக்குப் பின் சந்தையில் கலக்க விடாமல் 99 ஆண்டுக் குத்தகையில் வைக்கலாம். மூன்றாவது, மெட்ரோ நிலையங்களை ஒட்டிய பொது நிலங்கள். அவற்றை ஏலத்தில் விற்றால் ஒருமுறை பணம் வரும். அவற்றில் ஒரு பகுதியையேனும் அறக்கட்டளையிடம் வைத்தால், துப்புரவுப் பணியாளரும் செவிலியரும் வீட்டுவேலை செய்வோரும் பணியிடத்துக்கு அருகிலேயே வாழ்வார்கள். அவர்கள் மிச்சப்படுத்தும் பயண நேரமும் பேருந்துக் கட்டணமும் எந்த ஏலக் கணக்கிலும் வருவதில்லை.

இறுதியாக ஒன்று கூறி முடிக்கிறேன். இந்நகரின் தொம்மலூரில் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. மடிவாளத்தில் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. இரண்டிலும் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நில தானங்களை அவை பதிவு செய்கின்றன. தானம் நிலைக்க வேண்டிய காலத்தைக் குறிக்க அக்காலக் கல்வெட்டுகள் பரவலாகக் கையாண்ட சொல் 'சந்திராதித்தவரை' என்பது. நிலவும் கதிரவனும் உள்ளவரை என்று பொருள். கோயில்களைச் சுற்றியுள்ள நிலம் இன்று நகரிலேயே விலை மிகுந்த நிலங்களுள் ஒன்று. ஒரு துண்டு நிலத்தை விற்பனைக்கு அப்பாற்பட்டதாக, ஒரு பொது நன்மைக்கென ஒதுக்கி வைக்க நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அன்று அவர்கள் கோயில் விளக்குக்காகவும் பூசைக்காகவும் அதனைச் செய்தார்கள். இன்று நம் நகரத்தைக் கூட்டிப் பெருக்கியும், கட்டியும், சமைத்துப் போட்டும் நடத்துகின்ற மக்களின் அடுப்புக்காக நாம் அதனைச் செய்யலாம்.

மாணவ நண்பர்கள் இதன் கணக்குகளைச் சரிபார்க்க வேண்டும். அலுவலர் நண்பர்கள் தத்தம் அலுவலகத்தின் நிலப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் விற்கப்படாத ஒரு பொது நிலமேனும் அதில் இருக்கும். அதிலிருந்து தொடங்கலாம்.